மூன்று பேருக்கும் அதே பயம்

என் பெயர் தணிகாசலம். ஊர் திருத்தணி. அரசுப் பேருந்து ஓட்டுகிறேன். போன ஆடி மாதத்துக்கு முன்பு யாராவது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால், மழைக்காலத்தில் முட்டி வலிக்கும் என்று சொல்லியிருப்பேன். இப்போது கேட்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் டிப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் என் வியாதிதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒருவருக்காவது அதுவாக இருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன். ஒரேயடியாக உட்கார்ந்து எழுத முடியவில்லை. நான்கு வரி எழுதினால் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வருகிறேன்.

முதல் தடவை வந்தது நகரி தாண்டித்தான். திருப்பதியிலிருந்து பிற்பகல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வண்டி முழுக்க மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளும். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சாலை காலியாக இருந்தது. பயப்படுவதற்கு ஒன்றுமே கிடையாது. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. இடது கை விரல்கள் மரத்தன, அப்புறம் உதடு. கண்ணுக்கு முன்னால் இருந்த சாலை யாருடைய சாலையோ என்று தோன்றியது. கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. வண்டியில் இருக்கிற அத்தனை பேர் உயிரும் அந்தக் காலில்தான் இருக்கிறது.

எப்படியோ ஓரங்கட்டினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தேன். கண்டக்டர் ஏழுமலை ஓடி வந்து தோளைப் பிடித்தான். அவனும் நானும் ஒரே வண்டியில் பல வருடம் ஓடியவர்கள்.

“ஏழுமல, நா போறேன்டா. பாப்பாவ பாத்துக்க.”

“இன்னாண்ணா பேசற நீ. மூச்சு வுடு மொதல்ல,” என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

யாரோ ஒரு அம்மா முந்தானையால் விசிறினாள். பின்னால் வந்த காரை நிறுத்தி என்னை ஏற்றினார்கள். திருத்தணி அரசு மருத்துவமனை வாசலில் இறங்குவதற்குள் பாதி சரியாகிவிட்டது. அதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கே இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கை கால்களிலும் ஒயர்களை ஒட்டி இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைவது அது. டூட்டி டாக்டர் காகிதத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பெரிய இடத்தில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ‘நன்றாகத்தான்’ என்பதை விட்டுவிட்டு ‘பெரிய இடம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டவர் என் நைனா, அதாவது அப்பா. ஏழுமலை வீட்டுக்கு போன் போட்டதுமே ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

அன்றைக்கே திருவள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் ட்ரோபோனின் என்று ஒன்று பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டிருந்தால் அது ரத்தத்தில் கசியுமாம். கசியவில்லை. எக்கோ என்று நெஞ்சின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி, இதயம் திறந்து மூடுவதைத் திரையில் காட்டினார்கள். அது பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரி. படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மானிட்டர்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. எண் ஏறினால் நானும் ஏறினேன். நான் ஏறியதைப் பார்த்து அது இன்னும் ஏறியது. நர்ஸ் கடைசியில் திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள்.

என் மனைவி லலிதா துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பகலில் கடைக்குப் போய்விட்டு சாயந்திரம் ரயிலேறி வருவாள். ரசம் சாதத்தைக் கரண்டியால் நன்றாக மசித்து, ஒரு அப்பளத்தைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். மொறுமொறுப்புப் போய்விடக் கூடாது என்று. அந்த வார்டில் எனக்கு ஆறுதலாக இருந்த சத்தம் அந்த அப்பளம் உடைகிற சத்தம் ஒன்றுதான். நைனாவோ யாரையும் விடமாட்டார். ஒரு நர்ஸ் சொன்னதை இன்னொரு நர்ஸிடம் கேட்பார், அவள் சொன்னதை வாட்ச்மேனிடம் கேட்பார். வாட்ச்மேன் பாவம், சரியாகிவிடும் பெரியவரே என்பான். நைனா திரும்பி வந்து, “வாட்ச்மேனு கூட சரியாப்பூடும்னு தான் சொல்றான், ஆனா மொகத்த பாத்தா அப்டி தெரியல தணிகா” என்பார்.

ஒன்றும் இல்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்பவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கு அது பெரிய அவமானம். செத்துப் பிழைத்தவனிடம் நீ சாகவே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அடுத்த வாரம் முடிவெட்டும் கடையில் வந்தது. கழுத்தில் துணியைக் கட்டியதும் அதே முழங்கால், அதே மரப்பு. அரைகுறை முடியோடு எழுந்து ஓடினேன். அதற்குப் பிறகு முடிவெட்டும் கடைக்குப் போகவில்லை. ரயில்வே கேட்டில் பைக்கோடு மாட்டிக்கொண்டபோது வந்தது. அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். கூட்டமான பேருந்து, கல்யாண மண்டபம், கதவு மூடிய ஏ.டி.எம். அறை என்று ஒவ்வொன்றாக விட்டேன். கோயில் மலைப் படியும் ஏற முடியவில்லை. படி ஏறினால் நெஞ்சு அடிக்கும், நெஞ்சு அடித்தால் அது வந்துவிட்டது என்று நினைப்பேன், நினைத்தால் வந்துவிடும். லலிதா எனக்காக வேண்டிக்கொண்டு அவளே ஏறினாள். நான் கீழே டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிப்போவில் மருத்துவ விடுப்பு. ஒரு டாக்டர் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார். ஒருவர் தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார். தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். ஒவ்வொரு வெயிட்டிங் ஹாலிலும் ஒரே மாதிரி நாற்காலி, சத்தம் இல்லாமல் ஓடுகிற டி.வி., வாயைத் திறந்தபடி அதைப் பார்க்கிற மனிதர்கள். நான் மட்டும் உட்கார மாட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் நிற்பேன். வெளியே ஓட வசதியான இடம் எது என்பதை எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் பார்த்து வைத்துக்கொள்வேன்.

அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர்தான் அதைச் சொன்னார். என் பையில் இருந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். உங்கள் இதயத்தை இதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை, மனநலப் பிரிவில் ஒரு தரம் காட்டுங்கள் என்றார். நான் எழுந்துவிட்டேன். நான் பைத்தியம் இல்லை என்று அவரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். லலிதா ரயில் நிலையம் வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். மேம்பாலத்துப் படியில் நின்றுவிட்டாள்.

“பைத்தியம்னு யாரும் சொல்லல. நீதான் சொல்லிக்கினு இருக்க. நா இன்னும் எத்தன ஆஸ்பத்திரிக்கு சோறு தூக்கிக்கினு வர்றது? இந்த ஒண்ணுக்கு வா. இதுவும் இல்லன்னா வுட்டுடறேன்.”

போனோம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஒரு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு எதிரில் ஒருவர் அதே மாதிரி இன்னொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் டிப்போ மெக்கானிக். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சுவரையே படித்தோம். அப்புறம் அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை நல்லா கேக்குதுப்பா, பயப்படாத என்றார். எந்த மாத்திரை, எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ். என் ரிப்போர்ட் பையைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, முதல் தடவை வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கே வலி என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் சொன்னேன். பாதியில் மூச்சு முட்டியது. அவர் அவசரப்படுத்தவில்லை.

இதற்குப் பெயர் பேனிக் டிஸார்டர் என்றார். ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும், வேகமாக மூச்சு விடுவதால் கையும் உதடும் மரக்கும். உங்களுக்கு ஆபத்து இல்லாதபோதே அது கிளம்பிவிடுகிறது. நிஜமாகவே நடக்கிறது, கற்பனை இல்லை. ஆனால் அதனால் நீங்கள் சாக மாட்டீர்கள் என்றார்.

“வண்டியில ஹாரன் மாட்டிக்கினு அடிச்சிக்கினே இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

“ஒயர புடுங்கி வுடுவேன் மேடம்.”

“இன்ஜின கழட்ட மாட்டீங்கல்ல. நீங்க இத்தன நாளா இன்ஜின கழட்டிக்கினு இருந்தீங்க.”

பல நாளைக்குப் பிறகு லலிதா சிரித்தாள்.

மாத்திரை கொடுத்தார். மூளையில் செரடோனின் என்ற பொருளைச் சீராக வைப்பது ஒன்று. அது உடனே வேலை செய்யாது, சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு அதிகமாகவும் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார். வந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாம் நாளே நிறுத்தியிருப்பேன். தூங்குவதற்கு இன்னொன்று, அது பழக்கமாகிவிடும் என்பதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார். அதோடு ஒரு பயிற்சி. நான் எதைக் கண்டு பயப்படுகிறேனோ அதை நானே வரவழைக்க வேண்டும். டாக்டர் எதிரிலேயே நின்ற இடத்தில் ஓடினேன். நெஞ்சு அடித்தது. ஓடுவதை நிறுத்திவிட்டு, நாடி பார்க்காமல், வாசலைப் பார்க்காமல், அது தானாக அடங்கும் வரைக்கும் நிற்க வேண்டும். அடங்கியது. என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான்.

மூன்றாவது தரமோ நான்காவது தரமோ போனபோது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். லலிதா என்னைப் பார்த்தாள்.

எங்கள் மகள் யாழினி நான்காம் வகுப்பு. காலையில் யூனிபார்ம் போட்டதும் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. பாலர் வகுப்பில் சேர்த்தபோதே ஒரு மாதம் அழுதவள்தான். நான் விழுந்த பிறகு அது பெரிதாகி, வாரத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம். ஏமாற்றுகிறாள் என்று நான் கத்தியும் இருக்கிறேன். அவளை அழைத்து வரச் சொன்னார் டாக்டர். குழந்தைகளுக்குப் பதற்றம் பல சமயம் வயிற்றில்தான் பேசும், அவர்களுக்கு அதைச் சொல்ல வேறு வார்த்தை தெரியாது என்றார். ஒரு காகிதத்தைக் கொடுத்து ஏதாவது வரையச் சொல்லிவிட்டு, பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போது மனசுக்குள் என்ன ஓடும் என்று சாதாரணமாகக் கேட்டார். யாழினி நிமிராமல் வண்ணம் தீட்டிக்கொண்டே என்னிடம்தான் சொன்னாள்.

“நா ஸ்கூல்ல இருக்கசொல்ல நீ செத்துப்பூட்டா எனக்கு யாருப்பா வந்து சொல்வாங்க?”

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அப்பா சாக மாட்டேன் என்று சொல்லத்தான். டாக்டர் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார். தினமும் அப்படிச் சத்தியம் செய்தால் தினமும் சத்தியம் கேட்பாள்; போய்ப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும் என்று பிறகு விளக்கினார். பிரிவதால் வருகிற பதற்றம் இது, இந்த வயதில் மாத்திரை இல்லாமலேயே பெரும்பாலும் பழக்கிவிடலாம் என்றார்.

அப்படித்தான் பழக்கினோம். முதலில் பள்ளி கேட் வரைக்கும், பிறகு பிரார்த்தனை முடியும் வரைக்கும், பிறகு மதியம் வரைக்கும். கொண்டுபோய் விடுகிற வேலை என்னுடையது. டாக்டர் வேண்டுமென்றே அதை எனக்குக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கடைத்தெருக் கூட்டத்தில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். வேர்ப்பது அவள் கையா என் கையா என்று தெரியாது. கேட்டில் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எதிர்க்கடை கண்ணாடியில் அவள் தெரிவாள். அதையும் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு வருவேன். ஒரு நாள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுக்கப்போனாள். டீச்சர் ஓடி வந்து முதுகைத் தடவி, வாந்தி எடுத்துவிட்டு உள்ளே வா, அவசரம் இல்லை என்றார். அவள் போனாள்.

அவள் தேறத் தேற எங்கள் வீட்டில் ஒருவருக்கு மோசமானது. யாழினி மதியம் வரைக்கும் பள்ளியில் இருக்கிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டபோது நைனா பள்ளிக்கு போன் போட்டார். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. குழந்தை அழுகிறாளா, சாப்பிட்டாளா, பாத்ரூமில் வழுக்குகிறதா. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு நாள் நைனாவே பள்ளிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தாத்தாவைப் பார்த்ததும் யாழினிக்கு வயிறு வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைத் திட்டினேன். நைனா எதிர்த்துப் பேசவில்லை. “எனக்கு அடங்கல தணிகா. நா இன்னா பண்ணட்டும்” என்றார். அந்த வார்த்தையை நான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தை.

நைனா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டி சரியான பாதைக்குப் போகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு தரம் பார்த்ததை நான்கு தரம் பார்ப்பார். டூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் மணவூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்ததும் உண்டு. பொறுப்பானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். வீட்டில் சிலிண்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, நான் வர நேரமானால் தெருமுனையில் நிற்பது, எதுவும் அது என்ன என்று யாரையும் கேட்க வைக்கவில்லை. அம்மா இருந்தவரை அவள் அவரைச் சமாளித்தாள். அம்மா போன பிறகு சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது. வயசாகிவிட்டது என்றோம்.

என் செக்கப்புக்குத் துணைக்கு வா என்று சொல்லித்தான் அவரை அழைத்துப் போனேன். லலிதாவும் வந்தாள். டாக்டர் முதலில் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார், தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். வயதானவர்களுக்குப் படபடப்பு வந்தால் உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்காமல் மனசு என்று முடிவு செய்யக் கூடாது என்றார். பிறகு இது எப்போதிலிருந்து என்று கேட்டார். மகன் விழுந்ததிலிருந்து என்று நைனா சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

நைனா யோசித்தார். “சின்னப் புள்ளயில இருந்தே இருக்குதும்மா,” என்றார். “ஏரில தண்ணி பாக்க எங்க நைனா போவாரு. திரும்பி வர்ற வரிக்கும் இங்க, வயித்துல, எதுவோ ஓடிக்கினே இருக்கும். அப்பறம் வேலையில. அப்பறம் இவன் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்புறம். எல்லாருக்கும் உள்ள இப்டி ஓடிக்கினுதான் இருக்கும்னு நெனச்சேன். இல்லிங்களா?”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். இல்லை ஐயா, எல்லாருக்கும் அப்படி இருக்காது என்றார். எதையாவது நினைத்து ஓயாமல் கவலைப்படுகிற இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது, இந்த வயதிலும் குறைக்கலாம் என்று சொல்லி, எனக்குக் கொடுத்த மாத்திரையையே பாதி அளவில் தொடங்கினார்.

இதற்கிடையில் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். தகுதிச் சான்று வாங்கி, சில நாள் இன்னொரு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார ஓட்டினேன்; இப்போது அரக்கோணம் போய் வரும் சின்ன ரூட் கொடுத்திருக்கிறார்கள். திருப்பதி ரூட்டை நான் இன்னும் கேட்கவில்லை. போன வாரம் திருவாலங்காட்டுக் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது அந்த முழங்கால் மறுபடியும் நெஞ்சில் ஏறியது. டிராக்டர் நகரும் வரைக்கும் அதையும் ஏற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய்விட்டது. அடுத்தது எப்போது என்ற நினைப்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை. யாழினி முழு நாளும் பள்ளியில் இருக்கிறாள். சுற்றுலாவுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறாள்.

நைனாவைக் காட்டிய அன்றைக்கு மருந்து வாங்கிக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தோம். டீ வந்தது. நைனா டம்ளரைத் தொடவில்லை. டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் என்னிடம் கேட்டார்.

“அப்ப மத்தவங்களுக்கு உள்ள எப்டிப்பா இருக்கும்?”

நான் லலிதாவைப் பார்த்தேன். நைனாவும் அவளைப் பார்த்தார். அவள் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேள்வி தனக்குத்தான் என்று புரிந்து, கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள்.

“சும்மா இருக்கும் மாமா.”

“சும்மாவா?”

“ஆங். சும்மாதான் இருக்கும்.”

நைனா வெகு நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஊருக்குப் போய்விட்டு வந்தவளிடம் அந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்கப்போகிறவர் மாதிரி.